கோப்பு மட்டும் நனையவில்லை

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையுங்கள். வரவேற்பறைச் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கும். ஐ.எஸ்.ஓ. 22301. புயல் அடித்தாலும் பூமி அதிர்ந்தாலும் இந்த நிறுவனத்தின் வேலை நிற்காது என்று சர்வதேசத் தரத்தில் சத்தியம் செய்யும் காகிதம். நல்ல சட்டம் போட்டு, தலைக்கு மேல் உயரத்தில் மாட்டியிருப்பார்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தரைத்தளத்தில் என்பார்கள், சில இடங்களில் அதற்கும் கீழே. கட்டடம் எதன் மேல் நிற்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாட்ச்மேன் சங்கடப்படுவார்.

இதற்கென்று ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. பிசினஸ் கன்டின்யூட்டி பிளானிங். அலுவலக வழக்கில் பி.சி.பி. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிச் சாகும் என்ற பீதியில் இந்தத் தொழில் கொழுத்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டது. 2012ல் அதற்குச் சர்வதேசத் தரச் சான்று வந்தது. ஒவ்வொரு பேரழிவும் இந்தத் தொழிலுக்கு ஒரு பதவி உயர்வு.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆலோசகர் வருவார். ஒவ்வொரு துறையாக உட்காரவைத்துக் கேட்பார்: உங்கள் வேலை எத்தனை மணி நேரம் நின்றால் கம்பெனி தாங்கும்? ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்பார்கள் எல்லோரும். போன மாதம் முழுக்க விடுப்பில் இருந்த மேலாளரும் அதையே சொல்வார். பிறகு கட்டம் கட்டமாக ஒரு பட்டியல். நடக்க வாய்ப்பு இவ்வளவு, நடந்தால் சேதம் இவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை. நிலநடுக்கம் பட்டியலில் இருக்கும். பயங்கரவாதத் தாக்குதல் இருக்கும். விமானம் வந்து மோதுவதுகூட இருக்கும். நாம் தூர்த்த ஏரி தன் இடத்தைக் கேட்டு வரும் என்பது மட்டும் இருக்காது. தப்பித் தவறி இருந்தாலும் மஞ்சள்தான். சிவப்பு போட்டால் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை. நாளைக் காலை 11 மணிக்குத் தீப்பிடிக்கும் என்று இன்று மாலையே மின்னஞ்சல் வந்துவிடும். வாடிக்கையாளர் அழைப்பு இருப்பவர்களுக்குத் தீயிலிருந்து விலக்கு உண்டு. மற்றவர்கள் படியிறங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் பச்சைப் பலகைக்குக் கீழே நிற்பார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர் தலை எண்ணுவார். படம் எடுப்பார்கள். டீக்கடை பக்கத்திலேயே இருப்பதால் எண்ணிக்கை ஒருபோதும் சரியாக வராது. அறிக்கையில் சரியாக வரும்.

இந்தக் காகிதக் கட்டில் நாம் நின்று படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. ஒரு ஆபத்தைத் தவிர்க்கப் பணம் அதிகம் பிடிக்கும் என்றால், அதற்கு நேரே 'ஆபத்து ஏற்கப்பட்டது' என்று எழுதிப் பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஏற்பவர் அவர். அவர் வீடு எட்டாவது மாடியில். ஆபத்து யாருக்கு வரும்? சர்வர் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு வரும். அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. 'முக்கிய ஊழியர்கள்' பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவர் காண்ட்ராக்ட் ஆள். வெள்ளம் வந்தால் படகு பட்டியலைப் பார்த்துத்தான் வரும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். ஜெனரேட்டரை மேலே ஏற்றுங்கள் என்று ஆண்டுதோறும் எழுதித் தருகிறவர்கள். அவர்களுக்கு அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அபசகுனம். அவர்கள் கேட்ட தொகை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளப்படும். அடுத்த நிதியாண்டில் வரவேற்பறையின் தரைக்கல்லை மாற்றுவார்கள்.

இனி 2015க்கு வருவோம். டிசம்பர் 1. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. ஆற்றோரத்தில் இருந்தவர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது தண்ணீர். அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டிய ஓடுபாதையைக் கொண்ட விமான நிலையம் மூடியது. ஆறாம் தேதிதான் திறந்தது. 1878ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், தன் வரலாற்றிலேயே முதல் முறையாக டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியவில்லை. இரண்டு உலகப் போர்களில் நிற்காத பத்திரிகை அது. நந்தம்பாக்கத்துப் பக்கம் ஆற்றங்கரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர் மூழ்கியது; 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து சிகிச்சைக்கு ஆட்கள் வந்து இறங்கும் ஊரில், பல மாடிக் கட்டடத்தில், ஜெனரேட்டர் தண்ணீருக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

மென்பொருள் நிறுவனங்களோ அந்த வாரம் ஜெயித்தன. உண்மையிலேயே ஜெயித்தன. ஊழியர்களை வாடகை பஸ்களில் ஏற்றிப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பினார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. எங்கோ ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் உரிமைகோரல் வரிசை நேரத்துக்கு நகர்ந்தது. அந்த பஸ்ஸில் ஏறிய பையனின் அப்பா அம்மா முடிச்சூரில் மொட்டை மாடியில் நின்றார்கள். மின்னஞ்சல் சர்வர் நான்கு மணி நேரத்தில் உயிர்த்தெழ வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது, எழுந்துவிட்டது. முடிச்சூருக்கு எத்தனை மணி நேரம் என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால் அங்கே தாமதம் என்று சொல்ல எவருக்கும் வாய்ப்பே இல்லை. குறிக்காத நேரத்தை எப்படித் தவறவிட முடியும்?

அந்த மழைக்காலத்தில் மாநிலத்தில் 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் போனவை பெரும்பாலும் மீனவர்களின் படகுகள். யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கவில்லை, ஒத்திகை நடத்தியிருக்கவில்லை. அரசு இயந்திரம் ஒரு வேலையில் மட்டும் கொடுத்த நேரத்தை மிஞ்சியது. வெளியூர்களிலிருந்து நல்ல மனிதர்கள் அனுப்பிய அரிசி மூட்டையிலும் பால் பவுடரிலும் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஏறியது. ஸ்டிக்கர் நனையவில்லை. அதை அச்சடித்த இடத்தில் மின்சாரம் இருந்திருக்கிறது. பேரிடர் மேலாண்மை பயில்கிறவர்கள் அந்த அச்சகத்தைத் தேடிப் பிடித்துப் பாடம் எழுத வேண்டும்.

பிறகு கணக்குத் தணிக்கை வந்தது. மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2017ஆம் ஆண்டு எண்ணிட்டது, 2018 ஜூலையில்தான் சட்டமன்ற மேசைக்கு வந்தது. மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று அதில் சொல்லியிருந்தார்கள். செம்பரம்பாக்கத்துக்கு அவசரகாலச் செயல்திட்டமே இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். சென்னைக்கு மேலே தொங்கும் தண்ணீர்க் கிடங்குக்குத் திட்டம் இல்லை. சோழிங்கநல்லூரில் மூன்றாவது மாடிக் காபி இயந்திரத்துக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறது. அறிக்கை வெளியானதும் எதிர்க்கட்சி கொதித்தது, ஆளுங்கட்சி மறுத்தது. இரண்டு தரப்பும் முன்பு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவை என்பதால், கொதிப்பதிலும் மறுப்பதிலும் இரண்டு பேருக்கும் நல்ல பயிற்சி.

யார் தண்டிக்கப்பட்டார்கள் என்று கேட்கிறீர்களா? ஆற்றங்கரைக் குடிசைகள். வெள்ளத்துக்குப் பிறகு ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று கிளம்பியவர்களுக்கு ஆக்கிரமிப்பு என்றால் தகரக் கூரை. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வண்டியேற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பாதுகாப்பான மாற்று இடம். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி. மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் குடிவைத்த மறுவாழ்வுத் திட்டம் இது. ஆற்றின் மேல் இருந்த ஓடுபாதை அங்கேயே இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்ட பறக்கும் ரயில் அங்கேயே இருக்கிறது. சதுப்பில் மாடி வீடு கட்டியவர்களுக்கு அரசே ஒரு வழி திறந்து வைத்திருந்தது: நகர ஊரமைப்புச் சட்டம், பிரிவு 113-ஏ. விதியை மீறிக் கட்டு, பிறகு பணத்தைக் கட்டு, வரன்முறைப்படுத்திக்கொள். சென்னையின் உண்மையான பேரிடர் திட்டம் அதுதான். அமலில் ஒரு நாளும் தொய்வு இல்லை.

ஆண்டுதோறும் மழைக்கு முன் அறிவிப்பு வரும்: தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். அந்தத் தாழ்வான பகுதிக்கு மனை அங்கீகாரம் கொடுத்தது யார்? பத்திரம் பதிந்தது யார்? மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சொத்து வரி ரசீது? எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, ஒரே கோபுரம். விற்கும்போது பிரைம் லொகேஷன். மழை வந்தால் தாழ்வான பகுதி.

சென்னை ஒன்றும் தனித் தீவு இல்லை. தலைநகரத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் கடல் தரை பிளந்தது. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக்கு ஒரு தொலைபேசி வரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் செத்தார்கள். அன்று வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் ஒன்று அமைச்சரின் பழைய முகவரிக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. அதாவது, முந்தைய அமைச்சருக்கு. ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. தொலைபேசிப் பட்டியலைப் புதுப்பிக்கவில்லை என்பது எந்தத் தணிக்கையிலும் எழுதப்படும் முதல் குறை. எல்லோரும் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும் குறை.

அந்தச் சாவுகளிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. தேசிய ஆணையம், பிரதமர் தலைமை. மாநில ஆணையம், முதல்வர் தலைமை. மாவட்ட ஆணையம், ஆட்சியர் தலைமை. தலைமைக்குப் பஞ்சமே இல்லை. நாட்டுக்கு ஒரு தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அலுவலகம் கிடைத்தது, கார் கிடைத்தது, 2009ல் கொள்கை கிடைத்தது, அட்டை போட்ட வழிகாட்டு நூல்கள் வரிசையாகக் கிடைத்தன. திட்டம் எப்போது கிடைத்தது? 2016 ஜூன் 1. சட்டம் வந்து பத்தரை ஆண்டு. சென்னை மூழ்கியபோது, சட்டம் கேட்ட அந்தத் தேசியத் திட்டம் இந்த நாட்டில் இல்லை. தயார்நிலைக்குத் தயாராகவே பத்தாண்டு பிடித்தது.

நடுவில் 2013 ஏப்ரலில் ஒரு தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. தேசிய நிர்வாகக் குழு 2008 மே மாதத்துக்குப் பிறகு கூடவே இல்லை என்று அதில் இருந்தது. உத்தராகண்டின் மாநில ஆணையம் 2007ல் அமைக்கப்பட்டதிலிருந்து ஒரு முறைகூடக் கூடவில்லை என்றும் இருந்தது. யாரும் கவலைப்படவில்லை. அறிக்கை ஏப்ரலில் வந்தது. கேதார்நாத்தில் வெள்ளம் ஜூனில் வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில். இமயமலைக்கு மேலே மேகம் கூடியது, ஆற்றில் பாறை கூடியது, பாதையில் பக்தர் கூட்டம் கூடியது. ஆணையம் மட்டும் கூடவில்லை.

இந்த நாட்டில் கடிகாரம் வைத்துப் பேரிடரைக் கவனிக்கும் இடமே இல்லையா? இருக்கிறது. பங்குச் சந்தை. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்றுபோனது. அதற்கு மாற்று மையம் ஒன்று இருக்கிறது. மும்பைக்கு ஆபத்து வந்தால் தப்பிப் பிழைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் எது தெரியுமா? சென்னை. நாம் மழைக்கு எங்கே ஓடுவது என்று விழிக்கும் இதே சென்னை. அன்று அந்த மாற்று மையத்துக்கு மாறவும் இல்லை. மாலை 3.45க்குத்தான் வியாபாரம் மீண்டும் தொடங்கியது. நான்கு மணி நேரம். நாடே அதிர்ந்தது. அடுத்த மாதமே சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சுற்றறிக்கை விட்டது: கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும். அருமை. பங்கு வாங்க முடியாமல் தவித்தவருக்கு முப்பது நிமிடம். கூரைமேல் நின்று தவித்தவருக்கு? ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் இதைத் தேசியப் பேரிடர் என்று அறிவியுங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதும். அப்படி அறிவிக்க விதியில் இடமில்லை என்று தில்லி பதில் எழுதும். இரண்டு கடிதங்களும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

2020 மார்ச் 24. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் நாடு மூடல். நான்கு மணி நேரம். கண்ணாடிக் கட்டடங்கள் இந்த முறையும் சாதித்தன. கணினிகளைக் காரில் ஏற்றி ஊழியர் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அதே சாலைகளில் கட்டடத் தொழிலாளிகள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் நடந்தார்கள். அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது: வழியில் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி ஒரு தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். பி.சி.பி. திட்டங்களில் எவ்வளவு தரவை இழந்தால் தாங்கலாம் என்று ஓர் இலக்கு குறிப்பார்கள். உலகின் எந்த நிறுவனமும் எட்டாத இலக்கை நம் அரசு எட்டியது. தரவே எடுக்காவிட்டால் இழப்பு பூஜ்யம்.

நம் ஊரை மட்டும் திட்டினால் அந்நியக் கைக்கூலி என்பார்கள். ஆகவே தென் கொரியா. 2022 அக்டோபரில் அங்கே ஒரு தனியார் தரவு மையத்தில் தீப்பிடித்து காகாவோ டாக் செயலி முடங்கியது. நாடே அதில்தான் பேசிக்கொள்ளும். அரசு கொதித்தது. தனியார் நிறுவனங்களின் காதைத் திருகி, எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் வைத்துக்கொள்ளச் சொன்னது. சரியான பேச்சு. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசின் சொந்தத் தரவு மையத்திலேயே மின்கலம் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் படுத்தன. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த 858 டெராபைட் கிடங்கு சாம்பலானது. நகல்? இல்லை. ஏன் இல்லை? கிடங்கு ரொம்பப் பெரியதாம். நகல் எடுக்க முடியவில்லையாம். ஊருக்கு உபதேசம் செய்வதில் கொரியர்களும் நம் உறவுக்காரர்கள்தான்.

2024 ஜூலையில் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் கணினிகளை முடக்கியபோது, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காகக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான் கவிழ்த்தது. அந்தப் பேனா ஆபத்துப் பட்டியலிலும் இல்லை, தீர்வுப் பட்டியலிலும் இல்லை. போகட்டும்.

2015ல் பாடம் கற்றோம் என்றார்கள். குழு போட்டோம் என்றார்கள். மழைநீர் வடிகால் கட்டினோம், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்து சரிபார்த்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி நீரில். வடிகாலுக்கான நாலாயிரம் கோடி எங்கே போனது என்று ஊரே கேட்டது. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தண்ணீர் போக வழியில்லாமல் இருக்கலாம். பணம் போக இந்த ஊரில் எப்போதும் வழி உண்டு. எந்தச் சரிவிலும் எந்த ஆண்டிலும் அது அடைத்துக்கொண்டதில்லை. வேளச்சேரியில் அந்த மழையில் ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் சிக்கினார்கள். பள்ளத்தில் நிறைந்த தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க நாட்கள் ஆயின. ராட்சத மோட்டார்கள் தயார் நிலையில் இருக்கின்றன என்று அதற்கு முந்தைய வாரங்களில் செய்திக்குறிப்பு படித்திருப்பீர்கள். நானும் படித்தேன்.

வடசென்னையில் அதே வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலித் தொழிற்பேட்டையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை கறுப்பாகப் பரவியது. சுத்திகரிப்பு ஆலை, அனல் மின்நிலையங்கள், துறைமுகங்கள் சூழ்ந்த பகுதி. சான்றிதழ் இல்லாத சுவரே அங்கு இருக்காது. எண்ணெய்க் கசிவுக்கென்றே நாட்டில் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒத்திகை நடக்கிறது, கடலோரக் காவல்படை இருக்கிறது, மிதக்கும் தடுப்புகள் இருக்கின்றன, எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்கள் இருக்கின்றன. எங்கள் ஆலையிலிருந்து கசியவில்லை என்று முதல் அறிக்கை மட்டும் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. இயந்திரங்கள் பிறகு வந்தன. அதற்கு முன் எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள் இறங்கினார்கள். பிளாஸ்டிக் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். பலரிடம் கையுறை இல்லை, முகமூடி இல்லை. தங்கள் வலையும் படகும் நாசமானதைச் சுத்தம் செய்யும் வேலையைத் தாங்களே தினக்கூலிக்குச் செய்தார்கள். தோல் அரித்தது. மீன் விலை போகவில்லை. குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள்.

மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டம் இந்த ஆண்டும் நடக்கும். வரைபடம் திரையில் ஒளிரும். படகுகள் இத்தனை, மணல் மூட்டைகள் இத்தனை என்று யாரோ எழுந்து படிப்பார். வெள்ளம் வந்ததும் பார்வையிட ஆட்கள் வருவார்கள், கேமராவோடு. அவர்கள் காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இருக்கும், சரியான அளவில், புத்தம் புதிதாக. எண்ணூர்க்காரருக்குக் கையுறை கொடுக்க முடியாத இந்த ஏற்பாட்டில், அந்த பூட்ஸுக்கு மட்டும் இதுவரை தட்டுப்பாடு வந்ததில்லை.